கண்மாயில் கூடு: எதைத் தொடலாம், எதை விட்டுவிடலாம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் அய்யனார் கோவில் ஆறு பெருகினால் ராஜபாளையத்தில் முதலில் கேட்கிற கேள்வி, ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நிறைந்ததா என்பதுதான். ஊரின் குடிநீர் அதில் இருக்கிறது. அடுத்த கேள்வி கண்மாய் பற்றியது. மலையடிவாரம் நெடுக, சேத்தூர் பக்கம் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வரை, ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்தது நிறையும் வரிசையில் கண்மாய்கள் கிடக்கின்றன. தண்ணீர் நிலைத்துச் சில வாரங்களில், யாரும் கேட்காத ஒரு வேலையும் அங்கே தொடங்கிவிடும். கோரைக்குள்ளும் கருவேல மரத்திலும் பறவைகள் கூடு கட்டும்.

அந்தக் கூட்டை என்ன செய்வது? கரையில் நடைப்பயிற்சி போகிறவர், மீன் குத்தகை எடுத்தவர், மடை திறக்கிறவர், கேமராவோடு வருகிற இளைஞர் என்று நாலு பேருக்கும் இந்தக் கேள்வி வரும். பதில் எல்லாக் கூட்டுக்கும் ஒன்றல்ல. சில கூடுகளுக்கு நாம் ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் உதவி. சில கூடுகளுக்கு மனிதக் கை வேண்டியிருக்கிறது. இதை மாற்றிச் செய்தால் குஞ்சு சாகும்.

ஐரோப்பிய ஏரிகளில் இந்தக் கேள்வி அன்னப்பறவையை வைத்து எழும். பெட்டை ஐந்தாறு வாரம் அடைகாக்கும். சேவல் சிறகைத் தூக்கிக்கொண்டு படகையே விரட்டும். குஞ்சு பறக்க நாலைந்து மாதம் ஆகும். நம் கண்மாயில் அன்னம் கூடு கட்டுவதில்லை. அதன் உறவுக்காரர்களில் ஒன்றான வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டிக் கூந்தன்குளம் வரை வருகிறது, ஆனால் அதுவும் குளிர்காலம் கழிக்க வருவதுதான். முட்டையிட மத்திய ஆசியாவுக்குத் திரும்பிவிடும். இங்கேயே குடும்பம் நடத்துவது புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச்சிறகி, குள்ளத்தாரா, முக்குளிப்பான், நாமக்கோழி, தாழைக்கோழி, இலைக்கோழி ஆகியவை. மரம் ஏறிக் கட்டுகிறவை தனிக் கூட்டம்: கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், கொக்கு, வக்கா.

வாத்து, கோழி வகைகளை முதலில் பார்ப்போம். புள்ளிமூக்கு வாத்து கண்மாய் ஓரப் புல்லுக்குள் தரையில் ஒரு பள்ளம் பறித்து, தன் நெஞ்சு இறகையே பிடுங்கி மெத்தை போட்டு, ஏழு முதல் பன்னிரண்டு முட்டை வரை இடும். பெட்டை மட்டும்தான் அடைகாக்கும், ஏறக்குறைய 24 நாள். அதன் தற்காப்பு முழுவதும் அசையாமல் இருப்பதில்தான். நீங்கள் மூன்றடி தள்ளி நடந்தாலும் எழாது. எழுந்துவிட்டால் கூடு எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததோ இல்லையோ, மின்கம்பத்தில் உட்கார்ந்திருக்கிற காகத்துக்குத் தெரிந்துவிடும். மனிதக் கை பட்டால் தாய் முட்டையைத் தள்ளிவிடும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் உண்டு. அது சரியல்ல; கை வாடைக்காகக் கூட்டைக் கைவிடும் வழக்கம் பறவைகளிடம் இல்லை. ஆனால் கிட்டே போகக்கூடாது என்ற முடிவு மட்டும் சரி. நம் காலடித் தடமும் மிதித்து விலக்கிய புல்லும் நாய்க்கும் கீரிக்கும் வழி காட்டிவிடும்.

முட்டை பொரித்த பிறகுதான் நல்லெண்ணத்தால் வருகிற ஆபத்து தொடங்குகிறது. வாத்துக் குஞ்சு கண் திறந்து, உடம்பில் மென்முடியோடு பிறக்கும். ஈரம் காய்ந்ததும் தாய் பின்னால் தண்ணீருக்கு நடக்கும், தானே இரை தேடும். குள்ளத்தாரா மரப்பொந்தில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் பொந்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொப்பென்று குதிக்கும். பார்க்கிறவருக்கு வயிறு கலங்கும், குஞ்சுக்கு ஒன்றும் ஆகாது, எடை அவ்வளவு குறைவு. ஆகவே கரையில் வரிசையாகப் போகிற குஞ்சுகளையோ, தாயைக் காணாமல் கத்துகிற ஒற்றைக் குஞ்சையோ பார்த்தால், பெரும்பாலும் அது அநாதை அல்ல. உங்களைப் பார்த்துத் தாய் ஒதுங்கியிருக்கிறது. சில நேரம் சிறகு ஒடிந்ததுபோல் தண்ணீரில் அடித்துக்கொண்டு உங்களை வேறு பக்கம் இழுத்துப் போகவும் பார்க்கும். நல்ல தூரம் தள்ளிப் போய் மறைவாக நின்று ஒரு மணி நேரம் பாருங்கள். கத்துகிற குரலைக் கேட்டுத் தாய் வந்துவிடும்.

வீட்டுக்கு எடுத்துப்போய்க் கோழிக்கு அடியில் விடுவது, அட்டைப்பெட்டியில் வைத்துச் சோறு போடுவது இரண்டும் வேண்டாம். முதல் வாரங்களில் வாத்துக் குஞ்சுக்குப் புழு, பூச்சி என்று புரதம் வேண்டும். சோறும் ரொட்டியும் வயிற்றை நிரப்புமே தவிர வளர்க்காது. மனிதனைப் பார்த்தே வளர்ந்த குஞ்சு பிறகு மனிதனைத் தேடித்தான் வரும், மனிதனோடு நாயையும் நம்பும். கை கொடுக்க வேண்டிய இடம் ஒன்றுதான். குஞ்சுக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறது என்றால் இரண்டு பக்கமும் வண்டியை நிறுத்துங்கள், குஞ்சுகளைப் பிடிக்காதீர்கள். பிடிக்க ஓடினால் அவை நாலு திசையில் சிதறும். சிதறியவற்றைச் சேர்ப்பது தாய்க்குப் பெரும்பாடு.

மிதக்கும் கூடுகள் வேறு விதம். முக்குளிப்பான் அழுகிய பாசியையும் கொடியையும் குவித்து, கோரைத் தண்டில் தொடுத்து, தண்ணீர் மேலேயே கூடு வைக்கும். இரை தேடப் போகும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுப் போகும். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் குப்பைக் குவியல். கண்மாயைச் சுத்தம் செய்கிறோம் என்று உற்சாகமாக இறங்குகிற இளைஞர் குழுக்கள் முதலில் வாரி எறிவதும் அதைத்தான். ஆகாயத்தாமரை அகற்றுவது நல்ல வேலை. அதைக் கோடையில் செய்யலாம். தை மாதத்தில் செய்தால் எத்தனை கூடு போனது என்பதுகூடத் தெரியாது. நீளவால் இலைக்கோழியின் குடும்பம் இன்னும் வேடிக்கை. பெட்டை ஓர் இலைத்திட்டில் நாலு முட்டை இட்டுவிட்டு அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் சேவல். தண்ணீர் ஏறினால் முட்டையைப் பக்கத்துத் திட்டுக்கு நகர்த்துகிற வழக்கமும் அதற்கு உண்டு.

இந்த வகைகளுக்கு உயிர்நாடி தண்ணீர் மட்டம். மெல்ல ஏறினால் கூடும் ஏறும். திடீரென ஏறினால் மூழ்கும், திடீரென இறங்கினால் தரை தட்டி நாய்க்கு எட்டும். மழை எப்போது கொட்டும் என்பது நம் கையில் இல்லை, மடை நம் கையில் இருக்கிறது. பாசனத்துக்குத் திறக்க வேண்டியதுதான். விவசாயியிடம் பறவைக்காக மடையை மூடு என்று சொல்வது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. ஆனால் ஒரே நாளில் முழுக்கத் திறப்பதும், முறை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதும் பயிருக்கு ஒன்றேயாக இருக்கிற இடங்களில் இரண்டாவதைச் செய்யலாம். பாசனச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் வாய் திறந்து கேட்டாலே போதும்.

இனி மரக்கூட்டம். இங்கே கணக்கு முற்றிலும் வேறு. கூழைக்கடா முப்பது நாளுக்கு மேல் அடைகாக்கும். குஞ்சு உடம்பில் முடியே இல்லாமல் பிறந்து, மூன்று முதல் ஐந்து மாதம் வரை கூட்டிலும் கூட்டருகிலும் இருக்கும். சங்குவளை நாரைக்கு அடைகாக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம். மார்கழியில் இட்ட முட்டை பங்குனி, சித்திரையில்தான் ஆகாயத்தைப் பார்க்கும். அத்தனை மாதமும் கூட்டு மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்க வேண்டும். கோட்டைக்கு அகழிபோல அந்தத் தண்ணீர்தான் பூனையையும் மரநாயையும் தடுக்கிறது; தாய்க்கு இரையும் பக்கத்திலேயே கிடைக்கிறது.

மரக்கூடுகளுக்கு மோசமான நேரம் நடுப்பகல். குளிர்நாட்டில் தாய் எழுந்தால் முட்டை குளிர்ந்துவிடும் என்று பயப்படுவார்கள். விருதுநகர் வெயிலில் பயம் நேர் எதிர். நாரை மத்தியான நேரங்களில் குஞ்சுகளுக்கு மேலே சிறகை விரித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது குடை. படம் பிடிக்க ஒருவர் தண்ணீரில் இறங்கிப் போக, தாய்கள் மொத்தமாக எழுந்து பறந்தால், முடியில்லாத குஞ்சு வெயிலில் வாடிப்போகும். காகம் அதற்குள் முட்டையைத் தூக்கிவிடும். ட்ரோன் விட்டாலும் இதே கதைதான். பறவைக்கு அது ஒரு புது வகைப் பருந்து.

அப்படியானால் மனித நடமாட்டமே கூடாதா? கூந்தன்குளத்துக்குப் போய்ப் பார்த்தால் குழப்பம் வரும். நாங்குநேரி வட்டத்தில் உள்ள அந்த ஊரில் குளத்து மரம் போதாமல் தெருவிலும் வீட்டுக் கொல்லையிலும் நாரை கூடு கட்டுகிறது. கீழே கோலம் போடுகிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள், மேலே அடைகாப்பு நடக்கிறது. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் அபட்ஸ்பரி என்ற இடத்திலும் இதைக் காணலாம். பதினோராம் நூற்றாண்டில் துறவிகள் விருந்துக்கு இறைச்சி வேண்டி அன்னங்களை வளர்த்த காயல்கரை அது. இன்று நூற்றுக்கணக்கான அன்னங்கள் நடைபாதையை ஒட்டியே கூடு வைத்திருக்க, பார்வையாளர்கள் பக்கத்தில் நடந்து போகிறார்கள். இரண்டு இடத்திலும் காரணம் ஒன்று. அங்குள்ள மனிதர் நடக்கிற வழி மாறுவதில்லை, போகிற நேரம் மாறுவதில்லை, கூட்டைக் குறிவைத்து வருவதில்லை. பறவை அதைப் பழகிக்கொள்கிறது. பழக்கத்துக்கு மாறாக உள்வாயில் இறங்குகிற ஒருவர், கரையில் தினமும் நடக்கிற நூறு பேரைவிட அதிகம் மிரட்டுகிறார். ஆகவே கரைமேல் நடப்பதை யாரும் நிறுத்த வேண்டாம். கரையை விட்டு இறங்காதீர்கள், நாயை அவிழ்த்து விடாதீர்கள், மரத்துக்கு நேரே நின்று கைதட்டிப் பறக்க வைக்காதீர்கள். கடைசியாகச் சொன்னது சின்னப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே அதிகம் தேவைப்படுகிறது.

கைவைக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். மரத்திலிருந்து விழுந்த கூழைக்கடாக் குஞ்சும் நாரைக் குஞ்சும் வாத்துக் குஞ்சைப் போல நடந்து பிழைத்துக்கொள்ளாது. தாய் கூட்டுக்குத்தான் இரை கொண்டுவரும். தரையில் கிடக்கிற குஞ்சுக்கு ஊட்டாது. காற்றிலும், நெருக்கடியில் கூடு சரிந்தும் குஞ்சுகள் விழுவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. கூந்தன்குளத்தில் இப்படி விழுந்தவற்றை எடுத்து மீன் ஊட்டி வளர்த்து விட்டவர் என்றே பால்பாண்டி பெயர் பெற்றார். கர்நாடகத்தில் மாண்டியா மாவட்டத்துக் கொக்கரே பெள்ளூர் இன்னொரு முன்னோடி. அங்கே கூழைக்கடா கட்டுவது ஊருக்குள் இருக்கிற புளியமரங்களில். எச்சத்தால் புளி விளைச்சல் கெடும் என்பதால் மரக்காரர்களுக்கு வனத்துறை தொகை தருகிறது. விழுந்த குஞ்சுகளைப் பட்டி அடைத்து வளர்த்து விடுகிறார்கள். 2007-இல் அந்த ஊர் சமூகக் காப்பகம் ஆனது. அசாமில் பெருநாரையின் கூட்டுக்குக் கீழே வலை கட்டி, விழுகிற குஞ்சைத் தாங்குகிறார்கள். பூர்ணிமா தேவி பர்மன் திரட்டிய கிராமத்துப் பெண்கள் அந்த நாரைக்கு வளைகாப்பே நடத்துகிறார்கள். இந்தப் பாதுகாப்புப் பணிக்காக அவருக்கு 2022-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

உங்கள் கண்மாயில் அப்படி ஒரு குஞ்சு விழுந்து கிடந்தால், முதலில் அண்ணாந்து பாருங்கள். கூடு எட்டுகிற உயரத்தில் இருந்து, குஞ்சுக்கு அடிபடாமலும் இருந்தால், திரும்ப வைத்துவிடலாம். தாய் ஏற்றுக்கொள்ளும். எட்டாது என்றால் ஒரு துண்டைப் போர்த்திப் பிடியுங்கள். நாரை, கொக்கு வகை கண்ணைக் குறிவைத்துக் கொத்தும். ஒரு கையால் அலகைப் பிடித்துக்கொள்ளுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். காற்றோட்டமான கூடையில் நிழலில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். பாசத்தோடு ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழலில் போய்ச் செத்த குஞ்சுகள் உண்டு. பால், சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வனத்துறை அலுவலகம் இருக்கிறது. சொன்னால் வந்து எடுத்துக்கொள்வார்கள். நீங்களே வைத்து வளர்ப்பது, எண்ணம் எவ்வளவு நல்லதானாலும், சட்டப்படி குற்றம்.

சட்டத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்று எதைச் சொல்கிறது தெரியுமா? பறவையைக் கொல்வது மட்டுமல்ல, முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ குலைப்பதும் அதில் அடங்கும். சரணாலயத்துக்குள் மட்டும் என்றில்லை, உங்கள் ஊர்க் கண்மாயிலும் அதுவேதான். நாட்டுக் கோழிக்கு அடைவைக்கலாமே என்று தாழைக்கோழி முட்டையை எடுத்துப் போகிறவருக்கு இது தெரிந்திருக்காது.

கூடுகளுக்குப் பெரிய சேதம் முட்டை திருட்டால் வருவதில்லை, காலம் தப்பிச் செய்கிற முறையான வேலைகளால் வருகிறது. கண்மாய் உள்வாயில் வனத்துறை வளர்த்த நாட்டுக்கருவேல மரங்களை வயது வந்ததும் ஏலம் விடுவது வழக்கம். வெட்டுகிற உரிமை ஏலம் எடுத்தவருக்கு இருக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் தண்ணீர் வடியத் தொடங்குகிற மாசி, பங்குனியில் லாரி உள்ளே இறங்க வழி கிடைக்கிறதே என்று வெட்டத் தொடங்கினால், அந்த நேரத்தில்தான் கூடு நிறையக் குஞ்சு இருக்கும். சீமைக்கருவேலை அகற்றுவதிலும் இதே சிக்கல். அந்த மரத்தின் மேல் எனக்கும் பிரியம் கிடையாது, ஆனால் கூடு கட்ட வந்த நாரை மரத்தின் சாதி பார்ப்பதில்லை. இரண்டு மாதம் தள்ளி வெட்டினால் யாருக்கும் நட்டம் இல்லை. கூடு இருந்த மரங்களில் சிலவற்றை விட்டுவைத்தால் அடுத்த ஆண்டும் வரும். ஏல அறிவிப்பு வரும்போதே ஊராட்சி மூலமாக மனு கொடுத்துவிட வேண்டும். ரம்பம் வந்த பிறகு மறியல் செய்வதில் பலன் குறைவு.

மீன் குத்தகையிலும் இதே கதைதான். குத்தகைதாரருக்குப் பறவை போட்டிக்காரன். வெடி போட்டு விரட்டத்தான் தோன்றும். அவரைத் திட்டிப் பயனில்லை. கூழைக்கடா கூட்டம் நிறைய மீன் தின்னும் என்பது உண்மை. குத்தகை விடும்போதே, கூட்டு மரங்கள் இருக்கிற மூலையை விட்டுவிட்டு மற்ற பரப்புக்கு மட்டும் விலை பேசினால் பிரச்சினை பாதி தீர்ந்தது. அறுந்த நைலான் வலையையும் தூண்டில் நரம்பையும் கரையில் போடாமல் எடுத்துப் போகச் சொல்வது மீதிப் பாதி. முக்குளித்து இரை தேடுகிற பறவைக்கு வலைத்துண்டு கண்ணுக்கே தெரியாது.

வெடி என்றதும் வேட்டங்குடிக்காரர்கள் நினைவு வருகிறது. சிவகங்கை மாவட்டத்தில், 1977-இல் சரணாலயமான அந்தக் கண்மாய்களை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வனத்துறை வீடு வீடாக இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது. சிவகாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கே தயக்கம்தான். ஆனால் ஐப்பசியில் இடம் பார்க்க வருகிற பறவை ஓர் இரவு அதிர்ந்தால் வேறு கண்மாய்க்குப் போய்விடும். தெருவில் வெடியுங்கள், கண்மாய்க் கரையில் வேண்டாம் என்று கேட்பதில் தப்பில்லை.

செத்த பறவைகள் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றிரண்டு குஞ்சு சாவது எந்தக் கூட்டத்திலும் இயல்பு. ஒரே வாரத்தில் பல பெரிய பறவைகள் செத்து மிதந்தால் அது வேறு விஷயம். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், கோடையில் அழுகிய சேற்றில் உண்டாகும் நச்சாகவும் இருக்கலாம். வெறுங்கையால் எடுக்காதீர்கள், வீட்டுக் கோழிகளை அந்தத் தண்ணீருக்கு விடாதீர்கள், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். 2021-லும் 2024-லும் ஆலப்புழை வாத்துப் பண்ணைகளில் நோய் வந்தது. மலைக்கு அந்தப்பக்கம்தான் அது.

குப்பை பற்றி இன்னொரு வார்த்தை. தென்மாவட்டங்களில் கண்மாய்க் கரையில் அய்யனார் இருப்பார், கரை காப்பது அவர் பொறுப்பு. ராஜபாளையத்து அய்யனாரோ தண்ணீர் பிறக்கிற காட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். விடுமுறை நாளில் அங்கே குளிக்கப் போகிறவர்கள் ஷாம்பு உறையையும் பிளாஸ்டிக் தட்டையும் ஆற்றில் விட்டால் அது கீழே வரும்; வந்து கோரையில் தங்கும். கூடு கட்டுகிற பறவை குச்சிக்கும் கயிற்றுக்கும் வித்தியாசம் பார்க்காமல் பிளாஸ்டிக் இழையையும் எடுத்துப் பின்னும். அதில் கால் சிக்கிய குஞ்சு, சிறகு முளைத்தும் கூட்டை விட்டுக் கிளம்ப முடியாமல் தொங்கும்.

வைகாசி பிறந்ததும் கடைசிக் குஞ்சும் போய்விட்டதா என்று இரண்டு காலை கரையிலிருந்து பாருங்கள். காலிக் கூடுதான் என்று உறுதியானால் வேலைகளைத் தொடங்கலாம். மரம் வெட்டுவது, ஆகாயத்தாமரை அள்ளுவது, மடை பழுது பார்ப்பது எல்லாவற்றுக்கும் அடுத்த மழை வரை நேரம் இருக்கிறது. வண்டல் மண் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். மண் அள்ளுவதானால் கூட்டு மரங்களுக்கு அடியில் வேரைத் தொடாத தூரத்தில் அள்ளுங்கள். ஆறு மாத எச்சம் ஊறிய மண் அது, கூந்தன்குளத்து விவசாயிகள் எச்சம் கரைந்த தண்ணீருக்கே அடித்துக்கொள்கிறார்கள்.